இலை நரம்பு

பிரிக்பீல்ட்ஸ்
11 ஜனவரி 2025

தம்பி மஜீதுக்கு ராத்தா சௌதாவின் சலாம்.

உன் சர்க்கரை எந்த அளவில் இருக்கிறது? உன் மகள் சஹர் சோறு தின்கிறாளா, இல்லை கடையில் உட்கார்ந்து பிஸ்கட்டிலேயே நாளை ஓட்டுகிறாளா? எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை.

போன் செய்தால், "கடையில கூட்டம், பொறவு பேசுறேன் ராத்தா" என்கிறாய். ஜனவரி மாதம், செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, கிள்ளானில் ஒரு துணிக்கடையில் எவ்வளவு கூட்டம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். கடிதத்தை நீ பாதியில் வெட்ட முடியாது.

விஷயம் என் படிப்பு. ஒன்றரை வருடமாக இங்கே சமூகக் கல்லூரியில் உயிரியல் படிக்கிறேன். நான்கு பருவம் முடித்தால் பல்கலைக்கழகத்தில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அக்டோபரில் இடம் தருவதாக அவர்கள் எழுத்தில் சொல்லியிருக்கிறார்கள். நிபந்தனை ஒன்றுதான்: எல்லாப் பாடத்திலும் 'பி' இருக்க வேண்டும். பி என்றால் அறுபத்தைந்து. எனக்கு எல்லாவற்றிலும் அதற்கு மேல். உடற்கூறியலில் மட்டும் அறுபத்து நான்கு.

அந்த ஒரு மதிப்பெண் போன இடத்தைக் கேள். ஒரு கையின் படம் போட்டு, முழங்கை மடிப்பில் ரத்தம் எடுப்பது எதிலிருந்து என்று கேட்டிருந்தார்கள். மனத்தில் நரம்பு என்று சொல்லிக்கொண்டேன், ஆங்கிலத்தில் 'நெர்வ்' என்று எழுதினேன். 'வெயின்' என்று எழுதியிருக்க வேண்டுமாம். சிவப்பு மையில் அடித்துவிட்டார்கள்.

நான் மேல்முறையீடு செய்யப்போகிறேன். நரம்பு என்றால் நம் ஆட்களுக்கு இரண்டும்தான். ஆதாரமும் இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் நான் படித்த அறிவியல் புத்தகத்தில் ஓர் இலையைப் போட்டு, அதில் ஓடுகிற கோடுகளுக்கு 'இலை நரம்பு' என்று பெயர் எழுதியிருக்கும். அதே கோட்டை ஆங்கிலத்தில் 'வெயின்' என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் புத்தகம் உன் வீட்டு ஸ்டோரில், என் மைலோ அட்டைப்பெட்டியில் இருக்கிறது. ஷப்னம்தான் டேப் ஒட்டி, மேலே என் பெயரை எழுதி வைத்தாள். உன் மனைவி மௌத்தாகி ஆறு வருடம் ஆகப்போகிறது. அதன் பிறகு நான் அங்கே வரவில்லை. பெட்டியும் இங்கே வரவில்லை.

ஏப்ரல் முடிவதற்குள் எனக்குப் புத்தகம் வேண்டும். தேடி அனுப்பு.

உன் நலத்துக்கு துஆ செய்கிறேன்.
சௌதா

•

கிள்ளான்
2 பிப்ரவரி 2025

ராத்தாவுக்கு மஜீதின் சலாம்.

நானும் சஹரும் நலம். சர்க்கரை ஒன்பதுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. உன் முழங்காலுக்கு ஒரு புட்டி தைலம் சஹர் அனுப்பியிருக்கிறாள், காலையிலும் மாலையிலும் தேய்த்துக்கொள்.

பெட்டியைத் தேடினேன். ஸ்டோரில் பழைய சேலைக் கட்டுகளுக்கு அடியில் என்னென்னவோ கிடக்கிறது. நோன்பு வரப்போகிறது, லோரி லோரியாகச் சரக்கு இறங்குகிறது. பெருநாள் கழிந்து பார்க்கிறேன்.

ஒரு மதிப்பெண்ணுக்கு இத்தனை சண்டையா? "மறுதேர்வுன்னு ஒண்ணு இருக்கும்ல அத்தா, குப்பி அதை எழுதிட்டுப் போகலாமே" என்கிறாள் சஹர். அத்தையைப் பற்றி அவளுக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை.

அந்தச் சொல்லை விட்டுவிடு ராத்தா.

மஜீத்

•

பிரிக்பீல்ட்ஸ்
6 பிப்ரவரி 2025

தம்பிக்கு சலாம். தைலம் வந்தது. வாசனை நன்றாக இருக்கிறது, வலி அப்படியேதான் இருக்கிறது.

சஹரிடம் சொல். மறுதேர்வில் நூறு எடுத்தாலும் 'சி'தான் போடுவார்கள். அதுதான் விதி. சி வைத்துக்கொண்டு பல்கலைக்கழக வாசலைக்கூடத் தாண்ட முடியாது. மேல்முறையீட்டில் ஜெயிக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பாடத்தை முதலிலிருந்து ஒரு பருவம் முழுக்க மறுபடி படிக்க வேண்டும். இந்த வருடத்து இடம் போய்விடும்.

இந்த வயதில் எதற்கு என்று நீ எழுதவில்லை. ஆனாலும் எழுதியது போலத்தான் படித்தேன். முப்பத்தோரு வருடம் கிள்ளானில் பள்ளி ஆய்வுக்கூடத்தில் உதவியாளாக இருந்தேன். தவளையை மயக்கி, தட்டில் நான்கு காலையும் ஊசி குத்தி விரித்து வைத்தது நான். வகுப்புக்கு முன்னால் நின்று பாடம் சொன்னவர் வேறு ஆள். புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர் எலியின் கணையத்தைக் கொழுப்பு என்று சொன்னபோது, நான் பின்னால் நின்று பீக்கரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவள் எப்படித் திறப்பது? பள்ளி தூக்கி எறிந்த புத்தகங்களை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து, மலாய் அகராதியை ஒரு பக்கம், ஆங்கில அகராதியை ஒரு பக்கம் வைத்துப் படித்தேன். எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்படிப் படித்தவளிடம் வந்து எனக்கு நரம்பு தெரியாது என்கிறார்கள்.

விரிவுரையாளர் மிஸ் புனிதாவிடம் வகுப்பிலேயே நேராகப் போய்க் கேட்டேன். சஹரைவிட நான்கைந்து வயதுதான் மூத்தவள்.

"ஆன்டி, நீங்க எழுதினது நெர்வ். அதுல ஊசி குத்தினா அந்த ஆளு கூரையைப் பிச்சிக்கிட்டுப் போயிடுவான் லா" என்றாள். வகுப்பே சிரித்தது.

"போன மாசம் கல்லூரி ஹெல்த் கேம்ப்ல அந்த நர்ஸ் பொண்ணு என் கையைத் தட்டித் தட்டிப் பார்த்து என்ன சொன்னுச்சு மிஸ்? 'நரம்பே கிடைக்கல ஆன்டி'ன்னு சொன்னுச்சா இல்லையா? நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?"

"அது சும்மா பேச்சு ஆன்டி. இது எக்ஸாம்."

"பேச்சுல சரியா இருக்கறது பேப்பர்ல எப்படி மிஸ் தப்பாகும்?"

"அப்பீல் ஃபாரம் ஆபீஸ்ல இருக்கு ஆன்டி" என்றாள். வாங்கிவிட்டேன்.

புத்தகத்தை அனுப்பு. சேலைக் கட்டு எங்கேயும் ஓடிப்போகாது.

சௌதா

•

பிரிக்பீல்ட்ஸ்
9 மார்ச் 2025

தம்பிக்கு சலாம். நோன்பு எப்படிப் போகிறது? சர்க்கரைக்காரன் நீ, தலை சுற்றினால் நோன்பை விட்டுவிடு, பிறகு பிடித்துக்கொள்ளலாம். நான் சொன்னால் கேட்கமாட்டாய், டாக்டர் சொன்னதாக வைத்துக்கொள்.

ஒரு மாதமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. என் மேல்முறையீட்டு மனுவின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். முதலில் தமிழில் எழுதித்தான் ஆங்கிலத்தில் மாற்றினேன். படித்துப் பார், எங்கேயாவது ஓட்டை இருந்தால் சொல். முக்கியமான பகுதி இதுதான்:

"நரம்பு என்ற சொல் தமிழில் உணர்ச்சியைக் கொண்டுபோவதையும் குறிக்கும், ரத்தம் ஓடும் குழாயையும் குறிக்கும், இலையில் ஓடும் கோட்டையும் குறிக்கும். ஒருவர் காதில் அந்தச் சொல் விழும்போது இவற்றில் எதை அவர் எடுத்துக்கொண்டாலும் அது அவருடைய தவறு ஆகாது. அது சொல்லின் தன்மை."

எப்படி இருக்கிறது? ஒரு வக்கீல்கூட இப்படி எழுதமாட்டான். புத்தகம் ஒன்றுதான் பாக்கி. விசாரணை மே மாதம் இருபதாம் தேதி.

சஹருக்கு சலாம்.
சௌதா

•

கிள்ளான்
16 ஏப்ரல் 2025

ராத்தாவுக்கு சலாம். பெருநாள் நல்லபடியாகப் போயிற்று. நீ வருவாய் என்று சஹர் உனக்கும் சேர்த்து ரெண்டாங் கறி வைத்திருந்தாள்.

பெட்டி கிடைத்தது. புத்தகத்தை இதோடு அனுப்பியிருக்கிறேன். உன் மனுவையும் படித்தேன், பல முறை.

நாற்பத்து மூன்றாம் பக்கத்தைத் திறந்து பார். அங்கே ஒன்று வைத்திருக்கிறேன். அது பெட்டியில் இருந்ததல்ல. என்னிடம் இருந்தது.

மஜீத்

•

பிரிக்பீல்ட்ஸ்
19 ஏப்ரல் 2025

மஜீத்,

புத்தகம் கிடைத்தது. நான் சொன்னது சரி. நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் இலை இருக்கிறது, இலை நரம்பு என்று எழுதியிருக்கிறது.

நீ வைத்ததையும் பார்த்தேன். கிளினிக்கில் கொடுத்த மருந்துக் கவர். அதன் பின்புறத்தில் என் கையெழுத்து. ஆறு வருடமாக இதை எதற்குப் பத்திரப்படுத்தினாய்? என்றாவது ஒருநாள் என் முகத்தில் எறியவா?

நன்றாகவே எறிந்துவிட்டாய். நானும் சொல்கிறேன், கேள். அன்றைக்கு ஷப்னத்தின் இடது கால் வீங்கிக் கிடந்தது. நாகூரிலிருந்து கல்யாணமாகி வந்தவள், மலாயும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அவளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போக வேண்டியவன் நீ. பெருநாள் வியாபாரம் என்று கடையை விட்டு நகரவில்லை. நான் பள்ளியில் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக் கூட்டிப்போனேன். டாக்டர் சொன்னதைத் தமிழில் எழுதி அவள் கையில் கொடுத்தேன். "இடது காலில் நரம்பு அடைப்பு. டாக்டர் கடிதம் தந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ." இதில் என்ன தப்பு? ஒரு வரி காட்டு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ என்றுதான் எழுதினேன். சுளுக்கு எடுக்கிற நல்லம்மாளைக் கூப்பிட்டுக் காலை உருவிவிடச் சொன்னவன் நீ.

நான் எழுதியது சரி. அன்றைக்கும் சரி, தேர்விலும் சரி.

சௌதா

•

கிள்ளான்
3 மே 2025

ராத்தாவுக்கு சலாம்.

உடம்பு சுமார்தான். நீ நலமா என்று கேட்கிறேன், நீ கேட்கவில்லை என்றாலும்.

நான் அதை எறியவில்லை. ஷப்னம் கடைசியாக என் கையில் கொடுத்த பொருள் அது. அதனால்தான் என் சட்டைப் பையில், பிறகு மேசை இழுப்பறையில் இருந்தது.

அன்றைக்கு நடந்ததை இதுவரை நீ என்னிடம் கேட்டதில்லை. நான் குற்றவாளி என்று முதலிலேயே முடிவு கட்டிவிட்டுப் பிரிக்பீல்ட்ஸுக்குக் குடிபோய்விட்டாய். இப்போது கேள். பதினாறாவது நோன்பு. கடையில் நிற்க இடமில்லை. ஷப்னம் நொண்டிக்கொண்டு வந்து கவரை நீட்டினாள். "என்னவாம் ராத்தா?" என்று கேட்டுவிட்டேன், அவ்வளவு தடுமாற்றம் எனக்கு. "நான் உங்க ராத்தா இல்ல, பொண்டாட்டி" என்று சிரித்தாள். பிறகு, "நரம்பாம். எழுதித் தந்திருக்காங்க" என்றாள்.

நரம்பு என்று படித்தேன். நரம்பு என்றால் எனக்கு என்ன தெரியும்? சுளுக்கு, இழுப்பு, பிடிப்பு. நரம்புக்கு நாம் யாரிடம் போவோம்? அத்தாவுக்குக் கழுத்து திரும்பாதபோது உம்மா யாரைக் கூப்பிட்டாள்? ஆஸ்பத்திரிக்கு நாளை காலையில் போகலாம், அதுவரை நல்லம்மாள் எடுத்துவிட்டால் அவளுக்கு வலி குறையும் என்று நினைத்தேன். வலி குறையட்டும் என்றுதான் ராத்தா. நல்லம்மாளும் அப்படித்தான், "நரம்பு பிசகிக் கெடக்கு தம்பி, ரெண்டு இழுப்புல சரியாயிடும்" என்றாள். மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது ஷப்னம் செருப்பு மாட்டக் குனிந்தாள். மூச்சு முட்டி விழுந்தாள். காலில் உறைந்திருந்த ரத்தம் நெஞ்சுக்கு ஏறிவிட்டது என்றார்கள். அப்போதுதான் அது ரத்தக் குழாய் என்று எனக்குத் தெரியும்.

உன் மனுவில் ஒரு வரியின் கீழே கோடு போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். "எதை அவர் எடுத்துக்கொண்டாலும் அது அவருடைய தவறு ஆகாது."

இது உண்மையென்றால் என்மேல் தப்பில்லை. என்மேல் தப்பு என்றால் இந்த வரி பொய், உன் விடையும் தப்பு. எது என்று நீயே சொல். இரண்டையும் நீயே வைத்துக்கொள்ள முடியாது.

மஜீத்

•

கிள்ளான்
8 ஜூன் 2025

ராத்தாவுக்கு ஹஜ்ஜுப் பெருநாள் சலாம்.

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. சஹர் போன் செய்தால் எடுத்து "நல்லாருக்கேன்" என்று வைத்துவிடுகிறாயாம். அது என் பழக்கம், நீ எப்போது பிடித்தாய்?

விசாரணை என்னவாயிற்று? புத்தகம் உதவியதா?

நான் கேட்டதற்குப் பதில் வேண்டாம். முழங்கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுது.

மஜீத்

•

பிரிக்பீல்ட்ஸ்
15 ஜூன் 2025

தம்பி மஜீதுக்கு ராத்தாவின் சலாம். பெருநாள் சலாம் ஒரு வாரம் தாமதம். முழங்கால் வீங்கியிருக்கிறது. யாரையும் தொடவிடவில்லை, டாக்டரிடம்தான் போனேன். மூட்டுத் தேய்மானமாம்.

விசாரணைக்குப் போனேன். ஒரு மேசை, மூன்று பேர். நடுவில் துறைத் தலைவர் டாக்டர் சண்முகரத்தினம், யாழ்ப்பாணத்துக் குடும்பம், அளந்து பேசுகிறவர். பக்கத்தில் மிஸ் புனிதா. என் புத்தகத்தைக் கையில் வாங்கி, இலைப் படத்தை வெகுநேரம் பார்த்தார்கள்.

மிஸ் புனிதாதான் சொன்னாள்: "ஆன்டி, கமிட்டி ஒத்துக்கிட்டாங்க. மொழிக் குழப்பம்னு ஒரு மார்க் தர்றோம். அறுபத்தஞ்சு. நீங்க ஜெயிச்சிட்டீங்க லா!"

"வேணாம் மிஸ்" என்றேன்.

"என்ன வேணாம்?"

"அது தப்பான விடை."

"ஐயோ, நாலு மாசமா என் உயிரை எடுத்தது நீங்கதானே ஆன்டி! சரி சரின்னு சொன்னீங்களே?"

"இலைக்குச் சரி மிஸ். மனுஷன் காலுக்குத் தப்பு."

"காலா? கேள்வியில இருந்தது கை ஆன்டி."

"ஆமா, கை" என்றேன். மனுவைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டாக்டர் சண்முகரத்தினம், "அம்மா, இந்த வருட இடம் போய்விடும், தெரியும்தானே?" என்று கேட்டார். தெரியும் என்றேன். செப்டம்பரில் அந்தப் பாடத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்கப்போகிறேன். பல்கலைக்கழகம் அடுத்த வருடம். எனக்கு அறுபத்து மூன்று ஆகியிருக்கும். இருக்கட்டும்.

நீ இரண்டில் எது என்று கேட்டாய். இரண்டும் இல்லாத மூன்றாவது ஒன்று இருக்கிறது. அதை நீ அறியமாட்டாய், உன்னிடம் நான் சொல்லாதது.

அன்றைக்கு டாக்டர், கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, நாங்கள் எழுந்த பிறகு, மலாயில் இரண்டு விஷயம் சொன்னார். "இன்றே போகச் சொல்." அப்புறம் "ஜாங்கான் ஊருட்." உருவிவிடாதே என்று. எனக்கு நன்றாகவே கேட்டது. கவரில் இடம் இருந்தது. நீயே பார்த்திருப்பாய், கீழே பாதி இத்தனை வருடமும் வெறுமையாகத்தான் இருந்தது. ஐந்தாம் படிவத்துக்குத் தவளை அறுக்கும் செய்முறை, தட்டுகளை நான்தான் எடுத்துவைக்க வேண்டும், என் அனுமதி நேரம் முடிந்துகொண்டிருந்தது. இதையெல்லாம் யார் எழுதிக்கொண்டிருப்பது, வீங்கின காலைப் போய் யார் உருவுவார்கள் என்று நினைத்தேன். நரம்பு என்று நானே எழுதிவிட்டு அப்படி நினைத்தேன். கவரை ஷப்னத்தின் கையில் திணித்தேன். "போயிட்டு வாங்க ராத்தா, தவளை காத்துக்கிட்டு இருக்கும்" என்றாள்.

மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. மன்னிப்பு என்பது கேட்டதும் கிடைத்துவிடுகிற பொருள் என்று நான் நம்பவில்லை. நல்லம்மாளைக் கூப்பிட்டாய் என்று ஆறு வருடம் உன்னைப் பழித்தேன். அந்தப் பழியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மேசையில் மனுவைத் திரும்ப எடுத்தது போல.

நீ அனுப்பிய மருந்துக் கவரை இதோடு திருப்பி அனுப்புகிறேன். அது உன்னுடையது. கீழே வெறுமையாக இருந்த பாதியில், அன்றைக்கு எழுதியிருக்க வேண்டியதை இன்றைக்கு எழுதியிருக்கிறேன். தாமதமாக வந்த விடைக்கு மதிப்பெண் கிடையாது என்று எனக்குத் தெரியும்.

"மஜீத்,

ஷப்னத்தின் இடது காலில், சிரையில், ரத்தம் உறைந்திருக்கிறது. சிரை என்றால் ரத்தக் குழாய். நரம்பு அல்ல. உருவிவிடக் கூடாது. யாரையும் அந்தக் காலைத் தொடவிடாதே. கடையைச் சாத்திவிட்டு இன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ.

சௌதா"